தூங்கினால் தெரிந்துவிடும்

யாருக்கு என்ன வந்தாலும் அத்தையிடம் ஒரே காரணம்தான் இருந்தது: சூடு. எனக்கு ஒன்பது வயதில், தூக்கத்தில் வாய் ஒரு பக்கமாகக் கோணிக் கை வெட்டி வெட்டி இழுக்கிறது என்று அம்மா சொன்னபோதும் அதையேதான் சொன்னாள். பார்த்தவள் அம்மா மட்டும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்ட். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்காதான், படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டாள். எனக்கு விடிந்தால் ஒன்றும் நினைவிருக்காது.

ஆஸ்பத்திரியில் தலையெல்லாம் ஒயர் ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்தார்கள். நான் கண்ணை விழித்துக்கொண்டு சமர்த்தாகப் படுத்திருந்தேன். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

"நல்லா கீற கொயந்தைய நோயாளி ஆக்கிக்கினு கீறாடா உம் பொண்டாட்டி" என்றாள் அத்தை. அப்பா வாயே திறக்கவில்லை. அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்று பாத்திரங்களை உருட்டினாள்.

டாக்டரம்மா மட்டும் அவளை நம்பினார். விழித்திருக்கும்போது ஒழுங்காக இருக்கும் அலை சிலருக்குத் தூக்கத்தில்தான் தாறுமாறாகும், ராத்திரி தூங்கவிடாமல் கூட்டி வாருங்கள், இங்கே தூங்கவைத்துப் பார்ப்போம் என்றார். அம்மா என்னோடு விடிய விடியத் தாயம் ஆடினாள். சாய்ந்தபோதெல்லாம் கிள்ளினாள்.

காலையில் கிளம்பும்போது அத்தை, கண் விழித்த சூடு தணியட்டும் என்று என் உச்சியில் ஒரு கை நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டாள். எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டுமா? ஆஸ்பத்திரிக் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் ஷாம்பு போட்டு அலசினார்கள். வந்த தூக்கமெல்லாம் போயே போய்விட்டது.

அப்பாவும் அத்தையும் வெளியே வராந்தாவில் இருந்தார்கள். உள்ளே ஏசி அறை. கதவைச் சாத்தினால் ஒரு சத்தமில்லை. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் சுவர் அதிரும் எண்ணூர் ரோட்டு வீட்டில் வளர்ந்தவளுக்கு அங்கே எப்படித் தூக்கம் வரும்? ராத்திரியெல்லாம் கிள்ளிய அம்மா இப்போது "தூங்குடி கண்ணு, தூங்குடி" என்று கெஞ்சினாள். நான் தூங்காவிட்டால் இந்த ரிப்போர்ட்டிலும் ஒன்றுமிருக்காது, அம்மா பொய்க்காரிதான். மெஷின் பார்க்கும் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்மா என் காதில் வாயை வைத்து உறுமத் தொடங்கினாள். டுர்ர்ர்ர். கியர் மாற்றினாள். ஹாரன்கூட அடித்தாள். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாலைந்து லாரி போவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

தூங்கிய சற்று நேரத்திலேயே கோடுகள் முள் முள்ளாகக் குதித்தனவாம். வலிப்புதான் என்றார் டாக்டரம்மா. மாத்திரையில் அடங்கும், வளர வளரப் போய்விடவும் கூடும் என்றார். அப்பா அம்மாவைப் பார்த்து, "நீ சொன்னதுதான் கரீட்டு" என்றார். இனி அம்மா அத்தையை ஒரு வழி பண்ணிவிடுவாள் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன்.

அம்மாவோ வராந்தாச் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அத்தை முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"நீதானம்மா ஜெயிச்ச? அப்பறம் எதுக்கு அழுவுற?" என்று கேட்டேன். எல்லாம் வெறும் சூடாகவே இருந்துவிடட்டும் என்று அம்மா அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?