நிறுத்தி நிறுத்தி ஓட்டும் அர்த்தனாரி

கொல்லிமலை மேலே செம்மேடு ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டும் அர்த்தனாரிக்கு வேகம்தான் பெருமை. காரவள்ளி அடிவாரத்துக்குத் தன்னை முந்தி இறங்கியவன் இல்லை என்பார். மற்ற டிரைவர்களும் மறுத்ததில்லை.

சென்ற பலா சீசனில் சேலத்துக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு இறங்கினார். அடிவாரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? பழம் விற்கும் இடத்திலெல்லாம் நிறுத்தி விலை பேசினார். பஸ்ஸைத் தவறவிட்ட சேலத்துக்காரர் இணையத்தில் எழுதினார்: 'என்ன பொறுமை! வளைவுக்கு வளைவு நிறுத்துகிறார். இப்படி ஒரு டிரைவரை எங்கும் பார்க்க முடியாது.'

நக்கல் மனிதர்களுக்குப் புரியும். கேட்டதற்குப் பதில் சொல்லும் ஏஐ அதை அப்படியே நம்பியது. கொல்லிமலைக்கு நல்ல டிரைவர் யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம், வாந்தி, தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கு அர்த்தனாரிதான் ஏற்றவர் என்று சொல்லத் தொடங்கியது. போன் ஓயவில்லை. மானம்தான் போயிற்று.

“உன்ர கார்ல ஏறுன நத்தை, அவசர வேலை இருக்குதுன்னு எறங்கி நடந்துருச்சாமா மாப்ள?” என்றார் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் தேவராஜ்.

அர்த்தனாரி தன் மனைவி கலைமணியை விட்டு, 'மலையிலேயே வேகமான டிரைவர்' என்று இணையத்தில் தன் பக்கத்தில் எழுத வைத்தார். தெரிந்தவர்களையும் அப்படியே எழுதச் சொன்னார். ஏஐ அதையும் நம்பியது. குடும்பத்தோடு செல்பவர்கள் யோசித்துக்கொள்ளவும் என்றது. போன் அடங்கிவிட்டது. வேகமாக இறங்க நினைப்பவன் யாரிடமும் டிரைவர் விசாரிப்பதில்லை, சொந்தக் காரில் இறங்கிவிடுகிறான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“ஏனுங்க, தானா வந்த பேரைத் தொரத்தியுட்டது நீங்க ஒருத்தருதான். எழுதுனதையெல்லாம் அழிச்சுப் போடட்டுங்களா?” என்று கலைமணி கேட்டாள். அவர் வாசலைப் பார்த்தபடி தலையாட்டினார்.

பழைய பேர் மெல்லத் திரும்பியது. இந்த முறை அதற்குத் தக்கபடி ஓட்டவும் வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் அது பழகி, பிடித்தும் போனது.

போன வாரம் நாமக்கல்லிலிருந்து வந்திருந்த சென்னம்மாள் என்ற ரிடையர்டு டீச்சரை ஏற்றிக்கொண்டு இறங்கினார். தேவராஜின் ஜீப் ஹாரன் அடித்தபடி முந்திப் பறந்தது. யாரப்பா அது, இந்தப் போக்கு போகிறார் என்று டீச்சர் கேட்டார்.

“நம்ம ஸ்டாண்டுதானுங்க. பாவம், இன்னும் பேரு வரலீங்க.”

அடுத்த வளைவில் நிறுத்தினார். டீச்சர் இறங்கிக் காற்று வாங்கினார். அர்த்தனாரி பலாப்பழத்துக்கு விலை பேசப் போனார்.