உள்பக்கம் போட்ட முடிச்சு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கில்டோரன் ஊரில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள் நான். எந்த வீட்டுக் கதவை எத்தனை மணிக்குத் தட்டினேன் என்று குறித்து வைத்தே பழகியவள். மலைப்பாதையில் பனிப்புயலில் தனியாக வண்டி ஓட்டியிருக்கிறேன். அந்த டிசம்பர் வரை எனக்குப் பயம் என்று ஒன்று இருந்ததென்றால் அது நாய்களிடம்தான். கீழே வரும் நேரங்கள் எல்லாம் அந்தந்த நாளே நோட்டில் எழுதியவை.

2009 டிசம்பர் 11. வெள்ளிக்கிழமை.

அந்த வருடம் எங்கள் ஊர் சரித்திரக் குழு ஒரு புத்தகம் போடுவதாக இருந்தது. குழு என்றால் ஐந்து பேரும் ஒரு டீ கெட்டிலும். தலைவி ஜெசிமா, பழைய பள்ளிக்கூட டீச்சர். வயதானவர்களை உட்கார வைத்து அவர்கள் நினைவுகளை டேப்பில் பதிவு செய்வது அவள் வேலை. கடலோரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் எந்தக் கல்லில் யார் பெயர் என்று எழுதி வருவது என் வேலை. "எல்லா விலாசமும் தெரிஞ்சவ நீதானே டோலினா, செத்தவங்க விலாசத்தையும் நீயே பாத்துக்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

எனக்கு அங்கே சொந்த வேலையும் இருந்தது. என் அண்ணன் முர்டோ ஆஸ்பத்திரியில் கிடந்தான். நுரையீரலில் புற்று. கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு ஒரே ஆசை. பழைய தோட்டத்தில், அப்பாவின் குழியிலேயே தன்னை வைக்க வேண்டும். கவுன்சிலில் நடையாய் நடந்து அனுமதி வாங்கிவிட்டேன். தோண்ட வருபவருக்கு அளவு கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தத் தோட்டம் 1961-லேயே மூடியாகிவிட்டது. அதற்குப் பிறகு எல்லோரும் மேட்டில் உள்ள புது இடத்துக்குத்தான் போகிறார்கள். குடும்பக் குழி உள்ளவர்கள் பழைய இடத்துக்கு வரலாம் என்று சட்டம் இருந்தது. நாற்பத்தெட்டு வருடத்தில் ஒருவரும் வரவில்லை. எங்கள் குழி மூன்று பேருக்கானது. அப்பா மட்டும்தான் உள்ளே இருந்தார். அம்மாகூட அவர் பக்கத்தில் போக மறுத்து மேட்டில் இடம் கேட்டாள். "அங்க குளிர் ஜாஸ்தி" என்றாள். செத்த பிறகு குளிர் என்ன, வெயில் என்ன என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. கல்லறைத் தோட்டத்துக்கு யார் கடைசியாக வருகிறாரோ அவர்தான் காவல். அடுத்த பெட்டி வரும்வரை அவருக்குத் தூக்கம் கிடையாது. மதிலைச் சுற்றி நடந்துகொண்டே இருக்க வேண்டும். அடுத்தவர் வந்ததும் காவல் கைமாறும், பழையவர் நிம்மதியாகப் போகலாம். சின்ன வயதில் கேட்டது. அன்று அது என் நினைவிலேயே இல்லை.

மணி 3.05. கேட்டுக்கு வந்தேன்.

பூட்டு துருப்பிடித்து விழுந்து பல வருடம் ஆகிறது. ஒரு நீலக் கயிற்றால் கட்டியிருந்தது. முடிச்சு உள்பக்கம் இருந்தது. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அவிழ்த்தேன். குழந்தைகள் ஷூ லேஸுக்குப் போடுவார்களே, இரண்டு காது வைத்த முடிச்சு. யாரோ கட்டிவிட்டு மதிலேறிக் குதித்திருப்பார்கள் என்று நினைத்தேன். மதில் என் தலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது.

உள்ளே புல் முழுவதும் உறைபனி, வெள்ளை வெளேரென்று. மதிலை ஒட்டி மட்டும் ஒரு கறுப்புக் கோடு தோட்டத்தைச் சுற்றிப் போனது. ஒரு சாண் அகலம்தான். புல் தேய்ந்து மண் தெரிந்தது. ஆட்டுத் தடம் என்று சொல்லிக்கொண்டேன். ஆடு உள்ளே வர வழியில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

3.20. அப்பாவின் கல்லைத் துடைத்தேன். ஈவன் மக்ரே, 1961. அவர் போனபோது எனக்கு நாலு வயது.

3.26. எனக்குப் பின்னால், மதில் பக்கம்... டக்... டக்... டக். ஆணி அடித்த ஷூ. நின்று பார்த்தேன். யாருமில்லை. சத்தம் மூலையைத் திரும்பித் தேய்ந்து போனது.

3.32. மறுபடியும். அதே இடத்தில் தொடங்கி அதே மூலையில் தேய்ந்தது. சரியாக ஆறு நிமிடம். தபால்காரி மூளை கணக்குப் போட்டுவிட்டது. யாரோ மதிலைச் சுற்றி வருகிறார்கள்.

டிசம்பரில் எங்கள் பக்கம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெளிச்சம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சீக்கிரம் அளந்துவிட்டுக் கிளம்பலாம் என்று அளவு டேப்பை எடுத்தேன். அதன் ஒரு முனையில் சின்னக் கல் ஒன்றை வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து இழுத்தால் கல் நழுவியது. மறுபடி வைத்தேன். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை...

நழுவவில்லை.

டேப் விறைப்பாக நின்றது. கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கமும் கொஞ்சம் இழுத்தது.

3.38. ஷூ சத்தம் வர வேண்டிய நேரம். வரவில்லை.

"சரியாப் பிடிச்சிருக்கேனா?"

சிறு பெண் குரல். அப்பாவின் கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"ம்..." என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"யாருக்கு இடம்?"

"எங்க அண்ணனுக்கு."

"முர்டோவுக்கா?"

அவன் பெயரை நான் சொல்லவே இல்லை.

"வரேன்னு சொன்னான்... எப்ப கூட்டிட்டு வருவீங்க? எனக்குக் கால் வலிக்குது."

டேப்பைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கேட்டுக்கு வந்தேன்.

கட்டியிருந்தது.

உள்ளே வந்தபோது நான் கட்டவே இல்லை. இரண்டு காது வைத்த முடிச்சு. விரல்கள் மரத்துப்போய் எந்தக் காதை இழுப்பது என்றே தெரியவில்லை.

பின்னால் யாரும் துரத்தவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

டக்... டக்... டக்...

மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

எப்படியோ முடிச்சு அவிழ்ந்தது. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபோது மணி 3.44.

அன்று இரவுதான் அந்தக் காவல் கதை நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் மதியம் ஆஸ்பத்திரியில் முர்டோவின் கட்டிலருகே உட்கார்ந்தேன். மூக்கில் குழாய். ஒரு பக்கமாகத் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு மேட்டுலயே இடம் பாத்துடலாம், முர்டோ. அம்மா பக்கத்துல."

அவன் மெல்லத் திரும்பினான். "அவ பேசினாளா?"

"யாரு?"

"கால் வலிக்குதுன்னாளா?"

போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டேன். அவனே தொடர்ந்தான், மூச்சு வாங்க வாங்க.

"வருஷா வருஷம் கேட் வரைக்கும் போவேன். உள்ள போற தைரியம் வரல. நான் போகலைன்னா வேற யாரும் போக மாட்டாங்க, டோலி. அவ சின்னப் பொண்ணு."

"சரி, நீ போற. உனக்கப்புறம் யாரு வருவா?"

"அத நீ யோசிக்காத. என்னை அங்கதான் வைப்பேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். காரில் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதேன். அவன் அங்கே போனால் அந்தக் குழந்தை விடுபடும். ஆனால் அவனை விடுவிக்க எவரும் வரப்போவதில்லை. அவனோ குளிர் தாங்காதவன். ஜூன் மாதத்திலும் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படகில் போகிறவன். ஏன் அவன்தான் போக வேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கேட்டிருக்கலாம், கேட்காமல் விட்டேன்.

19-ஆம் தேதி போய்விட்டான்.

22-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணிக்கு அடக்கம். பெட்டியை இறக்கும் எட்டுக் கயிறுகளில் முதல் கயிறு, தலைமாட்டுக் கயிறு, என் கையில். எங்கள் வழக்கப்படி நெருங்கிய சொந்தத்துக்குத்தான் அது. 2.17-க்குப் பெட்டி தரையைத் தொட்டது. கயிறு தளர்ந்தது.

அந்த நிமிடம்...

டக் டக் டக் டக் டக்.

ஓட்டம். சின்னக் கால்களின் ஓட்டம், எங்கள் எல்லோருக்கும் பின்னால், கேட்டை நோக்கி. இரும்பு கேட் படாரென்று திறந்து மதிலில் மோதியது.

எல்லோரும் திரும்பினார்கள்.

"காத்துதான்" என்றாள் ஜெசிமா.

கேட்டோரத்து மரத்தில் ஒரு கிளைகூட அசையவில்லை. நான் கயிற்றைப் பிடித்தபடியே அழுதேன், சந்தோஷத்தில்தான். போகட்டும், அந்தப் பிள்ளை போகட்டும் என்று.

2010 ஜனவரி 8. மாலை 3.10. அவன் குழி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். நாங்கள் அன்று விரியத் திறந்து போட்டுவிட்டு வந்த கேட் மூடியிருந்தது. நீலக் கயிறு. முடிச்சு உள்பக்கம்.

காது வைத்த முடிச்சு இல்லை.

முர்டோ இடது கைக்காரன். நண்டுக் கூண்டுகளைப் படகில் கட்டும்போது அவன் போடும் முடிச்சு எல்லோருடையதற்கும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். துறைமுகமே கேலி செய்யும். வேறு யாருக்கும் அதை அவிழ்க்கவும் வராது, கட்டவும் வராது.

கம்பி வழியாகப் பார்த்தேன். உறைபனியில் மதிலோரத் தடம் இப்போது அகலமாக இருந்தது. ஒரு பக்கம் கால் வைத்த அடையாளம், மறுபக்கம் இழுத்த கோடு. படகுச் சங்கிலி நசுக்கியதிலிருந்து அவனுக்கு வலது கால் இழுப்பு.

டக்... சர்ர்ர்... டக்... சர்ர்ர்...

தூரத்திலிருந்து வந்தது. கேட்டருகே வந்ததும் நின்றது.

இருமல். இரண்டு முறை.

எனக்கு அவனைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கூப்பிடவில்லை.

டக்... சர்ர்ர்...

போய்விட்டான். ஒரு சுற்று ஒன்பது நிமிடம்.

பிறகு தெரிந்தது இது.

அடுத்த வாரம் ஜெசிமா ஒரு டேப்பைக் கொண்டுவந்து என் சமையலறை மேஜையில் வைத்தாள். பெட்டி செய்யும் தச்சர் ஃபார்க்கர் பேசியது. அக்டோபரில் பதிவு செய்தார்கள், நவம்பரில் அவரும் போய்விட்டார்.

"இது புத்தகத்துல வராது, டோலினா. ஆனா உனக்குக் கேக்க உரிமை இருக்கு."

"ஏன் வராது?"

"உங்கப்பா பெட்டியைத் தூக்கினவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தர்" என்றாள். டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

டேப்பில் ஃபார்க்கரின் குரல் கரகரத்தது.

"1961 நவம்பர் 18. சனிக்கிழமை. ஒரே நாள்ல ரெண்டு அடக்கம். ஈவன் மக்ரே ஒண்ணு. ரோஸ் வீட்டுப் பொண்ணு எஃபி ஒண்ணு. எட்டு வயசு, மூளைக்காய்ச்சல். ரெண்டு பெட்டியும் நான் செஞ்சதுதான். அந்தத் தோட்டத்துல அதுதான் கடைசி நாள், அடுத்து மேட்டுலதான்னு ஊருக்கே தெரியும். ரெண்டாவதா போற பெட்டிக்குக் காவல்... மாத்த ஆளே கிடையாது. கடலோர வளைவுல ரெண்டு ஊர்வலமும் ஒண்ண ஒண்ணு பாத்துச்சு. நாங்க ஈவனைத் தூக்கிக்கிட்டு ஓடினோம். ஆமா, பெட்டியோட ஓடினோம். எஃபியோட அப்பன் ரோஸ் அந்தச் சின்னப் பெட்டியைக் கையில ஏந்திக்கிட்டு வந்தான். அவன் ஓடல. எப்படி ஓடுவான்."

டேப்பில் கடிகாரச் சத்தம்.

"ஈவனோட பையன் முர்டோ முன்னாடி ஓடி கேட்டுக்குள்ள நின்னான். பதினோரு வயசு. நாங்க நுழைஞ்சதும் சாத்துடா, கயித்தக் கட்டுடான்னு கத்தினோம். கட்டினான். உள்பக்கமா. ஈவனை மூடி முடிக்கிற வரைக்கும் ரோஸ் வெளிய நின்னான், ஆலங்கட்டி மழையில. அந்தப் பையன் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பெட்டியவே பாத்துக்கிட்டிருந்தான்."

"அதுக்கப்புறம் யாரும் அங்க போகலையே, இடம் இல்லையா?" என்று ஜெசிமாவின் குரல் கேட்டது.

"ஏன் இல்ல? பாதி ஊருக்குக் குழி இருந்துச்சு. போனா மாத்த ஆள் வராதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதான் போகல. அந்தக் குழந்தையே நடக்கட்டும்னு விட்டுட்டோம். ஈவன் பொண்டாட்டிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் மேட்டுலதான் கேட்டிருக்கேன்."

டேப் அங்கே முடிகிறது.

கவுன்சில் கடிதம் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மக்ரே குடும்பக் குழியில் மீதம் ஒரு இடம். உரிமையாளர் டோலினா மக்ரே. பழைய தோட்டத்தில் உரிமை கேட்டு வேறு எந்தக் குடும்பமும் பதிவு செய்யவில்லை என்று கீழே ஒரு வரி.

போன மாதம் என் மகள் வந்திருந்தாள். இன்வெர்னெஸில் வேலை செய்கிறாள், எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும் அவளுக்கு.

"தாத்தா, மாமா பக்கத்துலயே உனக்கும் இடம் இருக்காமேம்மா. அங்கேயே எழுதிடட்டுமா?"

"வேண்டாம். மேட்டுல பாரு."

"ஏன்?"

மணி 3.40. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"அங்க குளிர் ஜாஸ்தி" என்றேன்.

செத்த பிறகு குளிர் என்ன, வெயில் என்ன என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.