கானியோ வந்து சொல்லாத சொல்

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். 'பர்லாரே' என்ற எங்கள் இத்தாலிய வினைச்சொல்லைப் பிரெஞ்சுக்காரர்களும் கத்தலான்காரர்களும் கொஞ்சம் நெளித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அங்கேதான் படித்தேன். பேசுவது என்று பொருள். எங்கள் லுக்கானியா மலையூரில் அதற்குக் கனம் அதிகம். ஒரு பெண் ஒருவனோடு பேசுகிறாள் என்றால், அவள் அவனுக்கென்று ஆகிவிட்டவள். வேறு எவனும் கேட்டு வரக்கூடாது. அந்தப் பேச்சை முறிப்பதென்றால், தொடங்கியவனே வீட்டுக்குள் வந்து தகப்பன் முன்னால் நின்று முறிக்க வேண்டும். கடிதம் செல்லாது.

என் பெரியம்மா வீத்தாவின் வாழ்க்கை இதில்தான் மாட்டிக்கொண்டது.

அவளோடு பேசத் தொடங்கிய கானியோ வியாழனும் ஞாயிறும் வருவான். அவன் ஒரு மூலை, அவள் ஒரு மூலை, நடுவில் அவளுடைய தாய் காலுறை பின்னிக்கொண்டு. எட்டு மாதத்தில் அவர்கள் பேசியதெல்லாம் மழையையும் ஆடுகளையும் பற்றித்தான். 1951-ல் அவன் பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான். மூன்று வருடம் கடிதம் வந்தது. நாலாம் வருடம், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று அவன் அக்காவே தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொல்லிவிட்டாள்.

ஊர் ரொட்டி அடுப்பு நூன்சியோவுடையது. மனைவியை இழந்தவர். பிசைந்த மாவைத் தலையில் தூக்கிவரும் பெரியம்மாவை அவருக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும்தான் என்பாள் என் அம்மா. ஒருநாள் அவர் தாத்தா தொனாத்தோவிடம் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மாமா, அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சுன்னு ஊரே சொல்லுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"ஊரா அவளப் பெத்துச்சு? என் வீட்டுக்குள்ள வந்து ஆரம்பிச்சவன், என் வீட்டுக்குள்ள வந்து முடிக்கட்டும். நானா முடிச்சா, தொனாத்தோ மக மேலதான் ஏதோ குத்தம்பானுங்க."

"ஆகஸ்ட் திருவிழாவுக்கு அவன் வருவானாம். அதுவரைக்கும் பாக்குறேன், மாமா."

வந்தான், மனைவியோடு. தாத்தா மூன்று நாள் முகம் மழித்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கானியோ அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. நாலாம் நாள் பட்டப்பகலில், எந்தப் பெண்ணும் செய்யாததைப் பெரியம்மா செய்தாள். அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் அவன் மனைவி. சிரித்த முகம். பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அதில் 'பார்லே' என்ற ஒன்றுதான் பெரியம்மாவுக்குப் புரிந்தது. அதற்குள் கானியோ வந்து மனைவியை உள்ளே அனுப்பினான்.

"இங்க எதுக்கு வந்தே? யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?"

"நல்லா பாக்கட்டும். எங்கப்பாகிட்ட வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போ. திட்டினா வாங்கிக்கோ."

"அவரு மூஞ்சிய எப்படிப் பாப்பேன், வீத்தா?"

"ஒரு வருசமா நான் பாக்கல? சுரங்கத்துக்குள்ள எறங்குறவனாம், பெரிய தைரியசாலி!"

அவன் தரையைப் பார்த்தான். "சரி. நாளைக்குக் காலையில வர்றேன்."

காலைப் பேருந்தில் பெட்டிகளோடு இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

நூன்சியோ நவம்பர் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தியைக் கட்டிவந்தார். பெரியம்மா வாராவாரம் மாவைக் கொண்டுபோனாள். வாங்கி வைத்தவள் அந்தப் புது மனைவி.

பதினைந்து வருடம் கழித்து, படுத்த படுக்கையாகக் கிடந்த தாத்தா ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்தார்.

"வீத்தா, கானியோவோட பேச்சு முடிஞ்சுது. நானே சொல்றேன். இனிமே நீ யாரோட வேணும்னாலும் பேசு."

பெரியம்மாவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. அவள் எழுந்துபோய், அடுப்படியிலிருந்த என் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிலருகே நிறுத்தினாள்.

"இவளும் கேக்கட்டும். மறுபடி சொல்லுங்கப்பா."

அவருக்கு மூச்சு வாங்கியது. சொல்லி முடிக்கும்வரை இருவரும் நின்றார்கள்.