குண்டு எழுத்தில் அவர் பெயர்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது, மறதியும் உண்டு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் மல்லாபூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் மிஷினில் இருந்தார். அச்சு விலகிப்போன காகிதச் சுருளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதைத்தான் அலமாரித் தட்டில் விரிப்போம், மகனின் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டையும் போடுவோம். அதில் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் பழைய காலத்து மோஸ்தரில் குண்டு குண்டாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். ‘பி’க்கு இரண்டு தொப்பை. ‘ஓ’வின் நடுவில் மிளகளவுதான் ஓட்டை. நான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் பழகியது அந்த அலமாரியைப் பார்த்துத்தான்.

அவர் இறந்து வருஷம் திரும்பியபோது வீட்டில் நினைவு ஜெபம் வைத்தோம். வருகிறவர்களுக்குக் கொடுக்க, எங்கள் சபையில் எல்லாரும் செய்வதுபோல, படமும் வசனமும் போட்டு அட்டை அடிக்க வேண்டும். மகனுக்குக் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை. மாதிரியை அவனே செய்து கொண்டுவந்தான். கறுப்புக் கோடு, ஊசி மாதிரி எழுத்து. அதில் அவர் பெயர் யாரோ ஒரு ஆபீசர் பெயர்போல இருந்தது.

அதுவரை நான் எந்தக் கடையிலும் வாய் திறந்ததில்லை. எல்லாம் அவர்தான் பேசுவார். மறுநாள் அலமாரித் தாளில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு நாச்சாரத்து அச்சுக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடி அதே சாயலில் ஒன்றை எடுத்துவிட்டார். போடத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

“நக்கோ அம்மா, வேணாம். இது பேக்கரி போர்டு, பர்த்டே பேனருக்குப் போடுறது. செத்தவங்களுக்கு யாரும் போடமாட்டாங்க.”

“நீங்க போடுங்க. திட்டுனா என்னையத் திட்டட்டும்.” உட்கார்ந்த ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. தமிழ் வசனத்துக்கு அந்த மாதிரி எழுத்து அவரிடம் இல்லை. பெயர் மட்டும் குண்டாக வந்தது.

மகன் பார்த்துவிட்டுக் குதித்தான். “கைக்கும்மா, எதுக்கு இப்படிப் பண்றே? ஸ்கூல்ல புக் அட்டையைப் பார்த்து என்னை பிஸ்கட்னு கூப்பிட்டது போதாதா? ஆபீஸ்காரங்களும் கூப்பிடணுமா?”

“கூப்பிடட்டும்ல. உங்கப்பா பேரு இந்த எழுத்துலதான் இருக்கும்.”

அவன் போய்த் தன் மாதிரியையும் ஒரு கட்டு அடித்து வந்தான். ஜெபத்தன்று இரண்டும் ஒரே மேஜையில் இருந்தன. என் நாத்தனார் என் அட்டையை எடுத்து எல்லார் முன்னாலும் ஆட்டினாள்.

“என்ன மதினி, எங்கண்ணனுக்கு நினைவு நாளா, பொறந்த நாளா?”

“உங்கண்ணன் உம்முன்னு இருந்து நீ என்னைக்காவது பாத்திருக்கியா?” என்றேன். வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் அட்டையைத் திரும்பப் பார்த்தாள். சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆபீஸ்காரர்கள் ஊசி எழுத்தை எடுத்துப் போனார்கள். போகட்டும்.

அந்த எழுத்துக்குக் கடைக்காரர் ஏதோ பெயர் சொன்னார், மறந்துவிட்டது. நடந்தது இரண்டாயிரத்து நாலா, ஐந்தா என்பதும் சந்தேகம். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அட்டையில் உள்ள எழுத்தை மட்டும் திருத்த வேண்டாம்.