அத்தையின் சிவப்பு ஸ்டூல்

எங்கள் வீட்டில் மருத்துவமனைக்குப் போவதும் கல்யாணத்துக்குப் போவதும் ஒன்றுதான். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்படும் காலையில் அம்மா நல்ல சேலையாகக் கட்டி, பவுடர் பூசி, சிகிச்சைக்குப் பிறகு கட்டையாக முளைத்திருந்த முடியில் எப்படியோ கொஞ்சம் மல்லிகையையும் குத்திக்கொள்வார். நோயாளி மாதிரிப் போய் நின்றால் டாக்டருக்கு என்ன மரியாதை என்பது அத்தையின் கட்சி. அத்தை அப்பாவின் அக்கா. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பெட்டியோடு வந்து எங்கள் சமையலறையைக் கைப்பற்றியவர்.

புற்று போய்விட்டது, அசதி போகவில்லை. குளித்துவிட்டு வந்தாலே அம்மா கட்டிலில் சாய்ந்துவிடுவார். தூங்கி எழுந்தாலும் அதே அசதி. "அசையாம படு, நான் பாத்துக்கிறேன்" என்று அத்தை தலையணையைத் தட்டிப் போடுவார். ஆனால் டாக்டர் கேட்டால் மட்டும் அம்மாவிடமிருந்து ஒரே பதில்: "ஓகே டாக்டர், எல்லாம் ஓகே!" உயிரைக் காப்பாற்றியவரிடம் போய் அசதி என்று புலம்புவது நன்றிகெட்டத்தனம் என்று நினைத்தார்.

ஒன்பது வயதான எனக்கு வேறு கவலை. தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழாவில் அம்மாக்களுக்கான வேகநடைப் போட்டி உண்டு. நோய்க்கு முன்பு அதில் என் அம்மாவை அடிக்க ஆளில்லை. அதனால் அடுத்த முறை அம்மா 'ஓகே' என்றதுமே பள்ளியில் கற்ற மலாய் மொழியில் போட்டு உடைத்தேன்.

"பொய் டாக்டர்! அரிசி கழுவுறதுக்குள்ள உக்காந்துடுறாங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம்?" என்று என்னையே கேட்டார். நான் அத்தனையையும் ஒப்பித்தேன். கிள்ளிய கையாலேயே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரிசோதனைகளுக்குப் பிறகு, படுத்தே கிடந்தால் அசதி கூடும், தினமும் கொஞ்சம் நடந்து, உட்கார்ந்து, மறுபடி நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"என்னா டாக்டர் லா இது? கேன்சர் வந்த பொம்பளைய ரோட்டுல விடுறதா?" என்று அத்தை குதித்தார். குதித்தவர்தான், மறுநாள் காலை அம்மா வாசலைத் தாண்டியதும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அம்மா நின்ற இடத்தில் ஸ்டூல் விழும்.

"அக்கா, கடை போடப் போறீங்களா?" என்றார் டீக்கடையில் ஒருவர்.

"ஆமா, முடிவெட்டுற கடை! வா, ஒனக்குத்தான் மொட்டை!"

முதல் நாள் அடுத்த வீட்டுக் கேட்டோடு நின்ற ஸ்டூல், மெல்ல மெல்ல டீக்கடையையும் தாண்டிப் போனது.

விளையாட்டு விழா வந்தது. விசில் ஊதியதும் மற்ற அம்மாக்கள் பறந்தார்கள். என் அம்மா தன் போக்கில் நடந்தார். பாதி வழியில் ஸ்டூலோடு நின்ற அத்தை, "உக்காரு லா, உக்காரு!" என்று கத்தினார். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார். எல்லாருக்கும் கடைசியாகத்தான் கோட்டைத் தொட்டார். தொட்டவர் இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்தார். திடலே எழுந்து கைதட்டியது.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. அத்தையோ அந்த ஸ்டூலில் தானே பொத்தென்று உட்கார்ந்து, ஊர் பார்க்க அழுதார். அம்மா தோற்றுவிட்டார் என்றுதான் அழுகிறார் என நினைத்தேன். பக்கத்தில் போய், அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன்.

"அழாதீங்க அத்தை. அடுத்த வருஷம் அம்மா ஜெயிச்சிடுவாங்க."

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, "அடுத்த வருஷம், ஆமாடி, அடுத்த வருஷம்" என்று இன்னும் பெரிதாக அழுதார். நல்ல செய்தியைத்தானே சொன்னேன், இதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.