வாசம் மாறிய கேன்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகளுக்கு அச்சில் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த திரௌபதி, அந்தக் கம்பெனி மூடியதும், 2004இல் ஜெயராஜ் என்பவரின் விதை மருந்து யூனிட்டில் சேர்ந்தாள். அங்கே வளர்த்தது ஒரு பூஞ்சாணம். டிரைக்கோடெர்மா விரிடி என்று பெயர். விதையோடு கலந்து விதைத்தால், மண்ணில் இருக்கும் கெட்ட பூஞ்சாணங்களை வளைத்துத் தின்றுவிடும், வேர் அழுகாது. மொலாசஸ் என்னும் சர்க்கரை ஆலைப் பாகுக் கரைசலில் விட்டு, கேனில் பத்து நாள் மூடி வைத்தால் பச்சை ஆடையாகப் படரும். அதை டால்க் பவுடரில் பிசைந்து, உலர்த்தி, பாக்கெட் போடுவது திரௌபதியின் வேலை.

அவளுக்கு மைக்ரோஸ்கோப் பார்க்கத் தெரியாது. மூக்கே போதும். நல்ல பூஞ்சாணம் துருவிய தேங்காய்போல மணக்கும்.

2006 ஆடி மாதம், விதைப்பு நெருங்கிய வாரத்தில், ஒரு கேனைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஈரச் சாக்கின் நெடி. பச்சைக்கு நடுவே மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்பு.

"சார், இது நம்ம பூஞ்சாணம் இல்லீங்க. வேற ஏதோ ஏறிடுச்சு."

ஜெயராஜ் எட்டிப் பார்த்தார். "பவுடர்ல கலந்தா தெரியாது. வேப்பூர் கடைக்கு ரெண்டு நாள்ல போவணும். போடும்மா."

"கொட்டிடலாங்க சார்."

"கொட்டிட்டு நீயும் வூட்டுக்குப் போறியா?"

அந்தக் கேனில் தேறிய நாற்பது பாக்கெட்டுகளையும் அவள் கையாலேயே ஒட்டினாள்.

இரண்டு நாள் வேலைக்குப் போய் வந்தாள். மூன்றாம் நாள் லீவு சொல்லிவிட்டு வேப்பூர் பஸ் ஏறினாள். கடையில் ஒன்றுகூட மிச்சமில்லை. வாங்கியவர்களில் கடைக்காரருக்குத் தெரிந்தவர் அர்ச்சுனன் ஒருவர்தான். அவர் நிலத்துக்குப் போனபோது ஏர் ஓடிக்கொண்டிருந்தது; மருந்து கலந்த விதைக் கடலை சாலில் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க! அந்த மருந்து கெட்டுப்போனது. நாந்தான் பாக்கெட் போட்டேன்."

அர்ச்சுனன் விதைக் கடலையைக் காட்டிச் சிரித்தார். "போன வருசம் இதாம்மா என் மல்லாட்டயக் காப்பாத்துச்சு. எந்தப் போட்டிக் கம்பெனிக்காரன் ஒன்ன அனுப்புனான்?"

ஏர் நிற்கவில்லை. அன்று சாயங்காலமே மழை பிடித்தது.

இருபது நாள் கழித்து மறுபடி போனாள். நிலக்கடலைச் செடிகள் வரிசை வரிசையாகச் சாய்ந்திருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். மண்ணை ஒட்டிய கழுத்தில் முறிந்து கையோடு வந்தது. விரலெல்லாம் கேனில் பார்த்த அதே கறுப்பு. அர்ச்சுனன் சாய்ந்த செடிகளைப் பிடுங்கி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்.

செடிகளைப் பையில் போட்டு வேளாண்மை ஆபீசுக்குக் கொண்டுபோனாள். "கழுத்தழுகல்," என்றார் அதிகாரி அம்மா. "விதைல கலந்த மருந்து எங்க தயாரிச்சது?"

திரௌபதி எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வாரத்தில் யூனிட்டுக்கு சீல் வைத்தார்கள். அவளுக்கும் வேலை போனது. மற்ற யூனிட்காரர்கள் அவளை வாசலோடு திருப்பினார்கள். வேளாண்மை ஆபீஸ் ஊர் ஊராக அறிவிப்புக் கொடுத்தும் திரும்பி வந்தவை பதினோரு பாக்கெட்டுகள்தான்.

ஆவணியில் பெருமழை. அது விட்டு இரண்டு வாரம் கழித்து அவள் மீண்டும் வேப்பூர் போனாள். அர்ச்சுனன் நிலத்துத் தண்ணீர் வரப்பை உடைத்துப் பள்ளத்து நிலத்தில் இறங்கியிருந்தது. அது வீராயியின் நிலம். வீராயி கழுத்து கறுத்து வாடிய கடலைச் செடிகளைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"நான் எந்த மருந்தும் கலக்கலியே தாயி," என்றாள். "எனக்கு ஏன் சாயுது?"