வெள்ளையான லாகின் பக்கம்

செத்துப்போன என் நண்பர் எங்கள் வலைப்பூவுக்குள் அடிக்கடி வந்து லாகின் பக்கத்தின் நிறத்தை மாற்றிவிட்டுப் போகிறார் என்று ஒரு வாரம் நான் மனதார நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஏற்காட்டில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் நம்பினேன்.

காப்பி, மிளகு, பனி, நேரத்துக்கு வராத பஸ் என்று மலை வாழ்க்கையைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய வலைப்பூ அது. ஆடி மாதம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். போவதற்குப் பத்து நாள் முன்பு, அதில் வெளியிடாமல் வைத்திருந்த பதினொரு கட்டுரைகளைப் படித்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. எழுத வராதவன் அலங்காரத்தில் இறங்குவான். வலைப்பூ முழுக்கக் காப்பி இலைப் பச்சை. தலைப்பில் நண்பர் வரைந்த மிளகுக்கொடி. லாகின் பக்கம் மட்டும் ஊருக்கெல்லாம் கொடுக்கிற சாம்பல் நிறத்தில், யார் வீட்டுக் கதவோ போல நின்றது. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பின்னணியைப் பச்சையாக்கி, பெயர்ப் பெட்டிக்கு மேலே மிளகுக்கொடியை ஏற்றி, பொத்தானுக்குக் காப்பிப் பழச் சிவப்பு கொடுத்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“அந்த வாசல்ல நுழையறதே ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு போயிட்டாரு. யாருக்குங்க பெயிண்ட் அடிக்கறீங்க?”

திங்கட்கிழமை திறந்தால் பக்கம் வெள்ளை. சுத்த வெள்ளை, நடுவில் கொடி மட்டும். சேமிக்க மறந்திருப்பேன் என்று மறுபடி பச்சையாக்கினேன். புதன்கிழமை வெள்ளை. வெள்ளிக்கிழமையும் வெள்ளை. அப்போதுதான் பயனர் பட்டியலைத் திறந்தேன். நண்பர் பெயருக்கு எதிரே, கடைசியாக உள்ளே வந்த நேரம்: இன்று காலை 6.40.

மஞ்சக்குட்டை பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் அவர் எழுத உட்காரும் நேரம் அது. அவர் எண்ணுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. எனக்கு அந்த அத்தாட்சி போதும். ஜன்னல் கண்ணாடியில் பனி அப்பிக்கொண்டு நின்றது. ஜன்னல் திரையை இழுத்து விட்டேன். ரவுட்டருக்குத் திருநீறு பூசினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துடைத்தேன்.

சிரிக்கலாம். ஆனால் எதற்காக வருகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் படிக்காத பதினொன்றுக்காக. அன்றிலிருந்து காலையில் ஜன்னல் திரையை நான் திறக்கவே இல்லை.

கடைசியில், அவர் கணக்கையே நீக்கிவிடுவது என்று துணிந்தேன். இவர் எழுதியவற்றை என்ன செய்ய, வேறொருவர் பெயருக்கு மாற்றவா, எல்லாவற்றையும் அழிக்கவா என்று பக்கம் கேட்டது. ஆவிக்கு இங்கே உடைமை எதுவும் மிஞ்சக் கூடாது என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அழித்தால் திரும்பி வராது; வேறு நகலும் என்னிடம் இல்லை. ‘உறுதிசெய்’ என்ற பொத்தான் மட்டும் பாக்கி. அப்போது ஒரு யோசனை. அவர் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழிக்கலாம். நல்ல எண்ணமெல்லாம் இல்லை. ஆவி கோபித்துக்கொண்டால் சிபாரிசுக்கு ஆள் வேண்டுமே.

பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு கிளியூரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மிஷன் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். பள்ளியின் இணையதளமும் அவர் பொறுப்புதான். காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏனுங்கண்ணா, அவருக்கு வெள்ளை புடிக்கலீங்களா?”

“எந்த வெள்ளைங்க?”

“உங்க பிளாக்ல உள்ள போற பக்கமுங்க. மூணு தடவ வெள்ளையாக்கிட்டேன். மறுபடி பாத்தா பச்சையா நிக்குது. எம்மேல கோவமோன்னு நொம்ப அழுதுட்டேனுங்க.”

நண்பரின் போனில் சிம் செத்திருந்தாலும் வீட்டு வைஃபையில் அது வேலை செய்தது. கடவுச்சொல்லும் அதிலேயே இருந்தது. கல்லறைத் திருநாள் வருகிறதென்று கல்லறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் லாகின் பக்கத்துப் பெட்டியில் அவர் பெயர் தானாக வந்து நின்றிருக்கிறது.

“அவரு பேரு இருக்கற எடமுங்களே அது. கல்லறைக்கு அடிச்சுட்டு இத மட்டும் எப்படிங்க உடறது?”

பச்சை என் வேலை என்று சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். போனைக் கவிழ்த்து வைத்தார்.

“அப்ப அவரு வரலீங்களா?”

வரவில்லை. பச்சையாக்கியது நான், வெள்ளையாக்கியது அவர் மனைவி. தினமும் காலை 6.40க்கு உள்ளே போய், அந்தப் பதினொரு கட்டுரைகளில் நாளுக்கு ஒன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் அழிக்கப் போன அன்று ஏழாவதில் இருந்தார்.